மாப்பிள்ளைக்கு எந்த ஊர்

மிசிசாகா
21 ஜனவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

"இனிப் போன் எடுக்காதை. சொல்ல ஏதும் இருந்தால் தமிழிலை எழுதி அனுப்பு" என்றுவிட்டு வைத்தீர்கள். மிசிசாகாவில் இருந்துகொண்டு அஜின்கோர்ட்டில் இருக்கிற தாய்க்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவள் இந்த ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பரவாயில்லை. ஒன்பது வயதில் கனடாவுக்கு வந்த என்னைச் சனிக்கிழமைதோறும் இழுத்துக்கொண்டு போய்த் தமிழ் படிப்பித்தது நீங்கள்தான். அந்தத் தமிழிலேயே உங்களோடு சண்டை பிடிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டெக்லனை உங்களிடம் கூட்டி வந்தேன். காரில் வரும்போது முழுக்க அவன் "வணக்கம் அன்ரி" என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தான். நீங்கள் நண்டுக் கறி வைத்தீர்கள், சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் விசாரணை தொடங்கினீர்கள். எந்த ஊர் தம்பி? மிசிசாகா. அப்பாவின் ஊர்? ஒட்டாவாப் பக்கம், ஒரு பண்ணைக் கிராமம். அதற்கு முந்தி? அயர்லாந்து. அயர்லாந்தில் எந்த ஊர்? தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு உங்கள் முகம் பூட்டிக்கொண்டது.

அவன் காரை எடுக்கப் போன நேரம் என்ன சொன்னீர்கள்? "ஊர் பேர் தெரியாதவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது. கலியாணத்துக்கு நான் வரமாட்டன்."

அம்மா, எனக்கு முப்பத்தொரு வயது. டெக்லன் விமானம் திருத்துகிறவன், பொய் பேசாதவன், எங்களைப் போலவே கத்தோலிக்கன், கோயிலுக்கு என்னை விட ஒழுங்காகப் போகிறவன். ஒக்ரோபரில் கலியாணம், கோயிலில் திகதி எடுத்தாகிவிட்டது. நீங்கள் விசாரிப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? ஊர் கேட்பார்கள், வீடு கேட்பார்கள், எல்லாம் கடைசியில் சாதியில் போய் முடியும். அயர்லாந்தில் அதற்கு எங்கே போவீர்கள்?

அப்பா இல்லை. பீடம் வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள். நீங்கள் வராவிட்டால் தனியாக நடப்பேன், வேறு ஒருவரின் கையையும் பிடிக்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
நிரோஷினி


அஜின்கோர்ட்
4 பெப்ரவரி 2024

மகள் நிரோஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து அழகு, வாய் நீளம். இரண்டும் என்னிடம் இருந்து வந்தவைதான், ஆகையால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள். வெள்ளைக்காரன் என்பதற்காக நான் மறுக்கவில்லை. பெடியன் எங்கள் வேதக்காரன். நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்டான், கரண்டி தேடவில்லை. எனக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை.

ஆனால் நான் யார்? மன்னார் ஆட்களுக்குள் ஸ்காபரோவில் ஒரு கலியாணம் பேசுவதென்றால், "யூஜினியக்காவைக் கேட்டனீங்களோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மல்வேர்னில் இருந்து மார்க்கம் வரைக்கும் நான் விசாரித்துச் சொன்ன கலியாணங்களில் ஒன்றாவது குலைந்ததா? ஊரெல்லாம் விசாரித்துக் கொடுத்தவள் சொந்த மகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள் என்று நாளைக்குக் கதை வரும். கதைக்குக்கூட நான் பயப்படவில்லை. விசாரிக்காமல் உன்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினால் எனக்கு நித்திரை வராது, அவ்வளவுதான்.

சாதி என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். நான் கேட்பது வேறு. அது உனக்குத் தெரியாது.

அவன் துப்பலைக் குப்பியில் அடைத்து எங்கோ டி.என்.ஏ. பார்க்க அனுப்பி, அயர்லாந்தில் 'மேற்கு டொனகோல்' என்று பதில் வந்ததாக உன் தம்பி சொன்னான். நல்ல வேடிக்கை. துப்பினால் ஊர் தெரியுமென்றால் நாங்கள் ஏன் இவ்வளவு காலமும் வாய் நோகக் கேட்டுத் திரிந்தோம்? இந்த ஆட்கள் ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள், ஊரைத் தொலைத்துவிடுகிறார்கள். நாங்கள் தகப்பன் பெயரோடு நிறுத்திக்கொள்வோம், ஊரை விட மாட்டோம்.

டெக்லன் மக்ஜின்லி என்றால் எந்த மக்ஜின்லி, எந்தக் கோயில் பங்கு, எப்படிப்பட்ட வீடு? அதைக் கண்டுபிடித்து வா. பிறகு கதைப்போம்.

அம்மா


மிசிசாகா
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை, கோபத்தில்தான். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் வேலை நடக்கிறது.

நீங்கள் எழுதியதை டெக்லனுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிப்பான் என்று பார்த்தேன். "அன்ரி கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை" என்றான். அன்றிரவே தகப்பனுக்குப் போன் போட்டான். அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டெக்லனின் பூட்டனுக்குத் தகப்பன் ஓவன் மக்ஜின்லி என்றொருவர். இளந்தாரியாகக் கப்பலேறி வந்து ஒட்டாவாப் பக்கத்துக் காட்டில் மரம் தறித்தவர். சாகும் மட்டும் ஒரு பங்கின் பெயரைச் சொல்லி அழுவாராம். கில்பிரான்.

அந்தப் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நான் சந்தோஷப்பட்டு உட்கார்ந்தேன். அம்மா, பங்கு முழுக்க மக்ஜின்லி. ஓவன் மக்ஜின்லி மட்டும் ஒரு பட்டாளம். தகப்பன்மாரின் பெயரும் ஒன்றையே மாறி மாறி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வங்காலையில் சூசை, அந்தோனி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பீர்களே, அப்படி. எங்கள் ஓவனின் வயதுக்குப் பொருந்துகிற ஒருவரும் அதில் இல்லை. இன்னுமொரு கூத்து, துப்பல் கொம்பனி டெக்லனுக்கு எத்தனையோ தூரத்துச் சொந்தங்களைக் காட்டுகிறது, ஒருவர்கூட மக்ஜின்லி இல்லை. பரிசோதனை பிழையாக இருக்கும் என்கிறான்.

ஆகவே மே மாதம் லீவு எடுத்துக்கொண்டு இருவரும் கில்பிரானுக்கே போகிறோம். பங்குச் சுவாமிக்கு எழுதியிருக்கிறேன். அங்கே இருக்கிற மக்ஜின்லிகளிடம் கேட்டால் தெரியும்தானே.

நிரோஷினி


அஜின்கோர்ட்
18 ஏப்ரல் 2024

மகள் நிரோஷினிக்கு,

என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படி எழுதலாமா? மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்கப் போகிறாளாம். தன் மோர் புளிக்கிறது என்று எந்த இடைச்சியாவது சொல்வாளா?

சுவாமியிடமும் கேட்காதே. சுவாமிமார் எல்லோரையும் நல்ல ஆட்கள் என்றுதான் சொல்வார்கள், அது அவர்களுடைய தொழில்.

கேட்கிற முறை இதுதான். போன அன்றைக்கே கேள்வி கேட்கக் கூடாது. கடையில் ஏதாவது வாங்கு, பூசைக்குப் போ, மழையைப் பற்றிக் கதை. இரண்டாம் நாள் அவர்களே உன்னைக் கேட்பார்கள். நீ உன் கதையைச் சொல். மறைக்காமல் சொல், சொன்னால்தான் அவர்கள் சொல்வார்கள். பிறகு, மக்ஜின்லி வீட்டோடு கதை பேச்சில்லாத வீடு எது என்று பார். எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். அங்கே போய்ப் புகழ்ந்து பேசு, மக்ஜின்லிகள் மிக நல்லவர்களாமே என்று. பகைவன் பொறுக்க மாட்டான், உள்ளதைக் கொட்டுவான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளு. மிச்சப் பாதியை எடுத்துக்கொண்டு சொந்தக்காரரிடம் போ. இப்போது அவர்களால் மறைக்க முடியாது.

இப்படித்தான் நான் செய்வது. ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

குளிருக்கு உடுப்புக் கொண்டு போ.

அம்மா


கில்பிரான், டொனகோல்
15 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடலோரத்தில் ஒரு சின்ன அறையில் இருந்து எழுதுகிறேன். வெளியே மழை. இங்கே மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் நாள் கடையில் பாணும் தேயிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கு வரிசையில் இருந்தோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு மனுசி நேராக வந்து, "நீங்கள் யாருடைய ஆட்கள்?" என்று கேட்டாள். அம்மா, அதே கேள்வி. உங்கள் குரலில் கேட்ட மாதிரி இருந்தது. டெக்லன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையும் வந்தது.

எல்லோரும் மக்ஜின்லி என்பதால் இங்கே மக்ஜின்லி என்று ஒருவரையும் கூப்பிடுவதில்லை. தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஹ்யூயியின் மகள், நியலின் பேத்தி என்பதால் ஒரு கிழவிக்குப் பெயர் பிரிஜிட் ஹ்யூயி நியல். எனக்குப் பழகவே தேவைப்படவில்லை. டெக்லன்தான் எழுதி வைத்துப் பாடமாக்குகிறான்.

பகையாளி வீட்டையும் கண்டுபிடித்துவிட்டேன். ஜேம்ஸ் பொய்ல் என்று ஒரு கிழவர். பிரிஜிட்டின் வீட்டோடு எல்லைச் சண்டை, கல்வேலி ஒரு முழம் தள்ளிக் கட்டியதாம். அதற்காக இரண்டு தலைமுறையாகக் கதை பேச்சில்லை. வங்காலையில் இருப்பது போலவே இருக்கிறது. நாளைக்கு அவரிடம் போகிறோம். புகழ்ந்து பேசத்தான்.

உங்களுடைய பிள்ளை என்று நிரூபித்துவிட்டுத்தான் வருவேன்.

நிரோஷினி


அஜின்கோர்ட்
12 ஜூன் 2024

மகள் நிரோஷினிக்கு,

நீ திரும்பி வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. தம்பி சொன்னான். நாளைக்குப் பொய்லிடம் போகிறோம் என்று எழுதியவள் பிறகு மூச்சுக் காட்டவில்லை. தபால்காரன் வருகிற நேரம் நான் கதவடியில் நிற்கிறேன், அவன் விளம்பரத் துண்டுகளைத் தந்துவிட்டுப் போகிறான்.

விசாரிக்கப் போனவர்கள் வாயைத் திறக்காவிட்டால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. எனக்கு இந்தத் தொழில் நெடுங்காலம் தெரியும்.

எங்கள் ஊர்க் கிறிஸ்ரினா நேற்றும் போன் எடுத்தாள், "நிரோஷினிக்குப் பேசின பெடியன் ஆரக்கா, எந்தப் பகுதி?" என்று. தலையிடி என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போனை வைத்தது இதுதான் முதல் தரம்.

நல்லதோ கெட்டதோ, எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அம்மா


மிசிசாகா
19 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதுகிறேன். 'டொனகோல், கில்பிரான் பங்கு, மக்ஜின்லி குடும்பம், நல்ல விவசாயிகள்' என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அயர்லாந்துக்கு ஆள் அனுப்பியா பார்க்கப் போகிறீர்கள்? டெக்லன்தான் விடவில்லை. "உன் அம்மா உண்மையைக் கேட்டா, பொய்யைக் கொடுத்து அவவின் சம்மதத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை" என்றான்.

பொய்ல் கிழவரிடம் மக்ஜின்லிகளைப் புகழ்ந்தேன். நீங்கள் சொன்னது போலவே பொங்கிவிட்டார். "ஓவனா? அவன் எங்கே மக்ஜின்லி? தெருவில் பொறுக்கிய பிள்ளை. தாய் யார், தகப்பன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது" என்றார். டெக்லன் எழுந்து காருக்குள் போய் இருந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். "அப்படியென்றால் என் பெயர்கூட என்னுடையது இல்லை" என்றான்.

பாதியைத் தள்ளிவிட்டு மிச்சப் பாதியோடு பிரிஜிட்டிடம் போனோம். கிழவி மறைக்கவில்லை. இவ்வளவு காலமும் ஒருவரும் வந்து கேட்கவில்லையே என்றாள்.

1847, பெரிய பஞ்சம். உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகிப் போய், சனம் தெருத் தெருவாக விழுந்து செத்த காலம். பிரிஜிட்டின் பூட்டன் கோனல், அவர் மனைவி நோரா. நோரா ஒரு நாள் கல்வேலி ஓரத்தில் செத்துக் கிடந்த ஒரு பெண்ணையும், அவள் மேல் படுத்திருந்த ஒரு பையனையும் கண்டாள். மூன்று வயதிருக்கும். தன் பெயர் ஓவன் என்று மட்டும் சொல்லத் தெரிந்ததாம். வேறு எங்கோ இருந்து நடந்து வந்தவர்கள். அநாதைகளை அனுப்ப ஒரு இடம் இருந்தது. அங்கே போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. வீட்டில் இருந்த மா சொந்தப் பிள்ளைகளுக்கே காணாது. நோரா அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த மாரிக் குளிரில் அவளுடைய கைக்குழந்தை செத்துப் போனது. இருந்த மாவைப் பிறத்தியாருக்குப் பங்கு வைத்ததால்தான் என்று ஊர் சொன்னது. பொய்ல் வீடும் சொன்னதாம். அதற்குப் பிறகும் நோரா அவனை விடவில்லை.

கோனல் தன் பெயரையே அவனுக்குப் போட்டார். வளர்ந்ததும் காணியைப் பிரித்தபோது சொந்த மகன் நியலுக்கு ஒரு பாதி, ஓவனுக்கு ஒரு பாதி. சில வருடத்தில் ஓவன் தன் பாதியைத் தம்பி நியலுக்கே விட்டுவிட்டுக் கப்பலேறினார். நியலுக்குப் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், அந்தத் துண்டு இரண்டு வீட்டைத் தாங்காது என்று. பிரிஜிட் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். செம்மறிகள் மேய்கிற ஒரு சின்ன வயல். இன்றைக்கும் அதற்குப் பெயர் ஓவனின் வயல்.

டெக்லன் அந்த ஈரப் புல்லில் நின்று அழுதான். நான் அழவில்லை, எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். டெக்லனின் இரத்தம் எந்த ஊர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மக்ஜின்லி என்பது இரவல் பெயர். இதைக் கேட்டு நீங்கள் வராவிட்டாலும் நான் அவனைத்தான் கட்டுவேன். வெட்கப்பட இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிரோஷினி


அஜின்கோர்ட்
28 ஜூன் 2024

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பை நிறுத்திப்போட்டு இருந்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

நான் கேட்பது வேறு என்று எழுதினேன் அல்லவா? இப்போது சொல்கிறேன். ஊர், வீடு, படிப்பு எல்லாம் கேட்ட பிறகு, கடைசியாக, கதையோடு கதையாக ஒன்றைக் கேட்பேன்: "தொண்ணூறிலை சண்டைக்குள்ளை மடுவுக்கு இடம்பெயரேக்கை ஆரைக் கூட்டிக்கொண்டு போனவை?"

நீ அப்போது பிறக்கவில்லை, பிறந்தது மடு அகதி முகாமில். வங்காலையில் இருந்து வெளிக்கிட்ட அன்று நானும் அப்பாவும் அந்தத் தெருவில் கண்டதை உனக்குச் சொன்னதில்லை. படுத்த படுக்கையாய் இருந்த மாமியாரைத் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போன வீட்டைக் கண்டேன். தையல் மெசினை இறக்கித் தெருவில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஆரோ தெரியாத பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிய வீட்டையும் கண்டேன். இரண்டு வீட்டாரும் இப்போது ஸ்காபரோவில்தான் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளைமார் இருந்தார்கள். ஒரு வீட்டுக்கு வேண்டாம் என்றேன், காரணம் சொல்லவில்லை. மற்ற வீட்டுக்குச் சீதனம், படிப்பு ஒன்றும் பாராமல் கட்டிக் கொடுங்கள் என்றேன். மனிதரை எடை போட எனக்குத் தெரிந்த தராசு அது ஒன்றுதான்.

அந்தத் தராசில் கோனல் வீட்டை வைத்துப் பார்த்தேன். பஞ்சத்தில் ஒரு வாய் சோறு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். தன் பிள்ளை செத்த பிறகும் அந்தப் பிள்ளையை வைத்திருந்து, பெயரும் கொடுத்து, பரம்பரை முதுசக் காணியில் சரி பாதியும் கொடுத்த வீட்டை நான் கேள்விப்பட்டதேயில்லை. வாங்கின பாதியைத் தம்பியின் பிள்ளைகளுக்காக விட்டுவிட்டு வெறுங்கையோடு போன ஓவனும் அந்த வளர்ப்பில் வந்தவர்தானே. இரவல் பெயர் என்று இனி எழுதாதே, எனக்குக் கோபம் வரும். இத்தனை வருடத்தில் நான் விசாரித்த வீடுகளில் இதை விட நல்ல வீடு ஒன்று அமையவில்லை. அது என் மகளுக்கு அமைந்திருக்கிறது.

விசாரித்தது நான் இல்லை, நீ. நான் செய்திருந்தாலும் இதை விடத் திறமாகச் செய்திருக்க மாட்டேன்.

நேற்று கிறிஸ்ரினாவுக்கு நானே போன் எடுத்தேன். "மாப்பிள்ளை டொனகோல், கில்பிரான் பங்கு. கோனல், நோரா வீட்டு வழி. நாங்கள் நேரிலை போய் விசாரிச்சாச்சு" என்றேன். "அக்கா, உவை என்ன பெரிய ஆக்களோ?" என்று கேட்டாள். "ஓம், எங்களை விடப் பெரிய ஆக்கள்" என்றேன்.

கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுத்துவிட்டேன். டெக்லனின் பெயருக்கு மேலே தாய் தகப்பன் பெயரும், அதற்கு மேலே கில்பிரான் என்று ஊரும் வரும். தமிழில் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

இனி நீ செய்ய வேண்டியது. மாப்பிள்ளை பகுதியில் மூத்த வீடு எதுவோ, அங்கே கலியாணப் பொம்பிளையின் தாய் முதல் கார்ட்டை நேரில் கொண்டு போய்க் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் போடுகிற கார்ட் இல்லை அது. கனடாவில் வந்து இறங்கிய பிறகு நான் பிளேன் ஏறியதில்லை, வங்காலைக்கே போகவில்லை, தெரியும்தானே. இதற்கு ஏறுவேன். டெக்லன் பிளேன் திருத்துகிறவன், எது நல்ல பிளேன் என்று அவனே பார்த்து எங்கள் மூவருக்கும் ரிக்கெற் போடட்டும்.

பிரிஜிட் ஹ்யூயி நியலுக்கு எழுதிப் போடு, நிரோஷினியின் தாய் வருகிறாள் என்று. கார்ட்டை வாசலில் வைத்து வாங்கக் கூடாது, உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, பிறகுதான் வாங்க வேண்டும் என்றும் சொல்லு. சம்பந்தி வீட்டு முறை அதுதான்.

அன்புடன்,
அம்மா